தாய்ப்பிடி

கடல் ஒரு பக்கம், கோயில் ஒரு பக்கம், நடுவில் ஒரு தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகைக்குள் வானத்தைப் பார்த்து வாய் பிளந்து கிடக்கிற பெரிய அச்சு ஒன்று. சங்குமுனைக் கரையில் மிதக்கிற பைபர் படகு அத்தனையும் அந்த ஒரு வயிற்றில் பிறந்தவைதான். அதனால் அந்த ஊரில் யாரும் படகு செய்தார்கள் என்று சொல்வதில்லை. இஞ்ஞாசி மேஸ்திரிக்கு இந்த மாதம் படகு பிறந்திருக்கு என்பார்கள். மேஸ்திரியும், மீசை நரைத்து, விரல் இடுக்கெல்லாம் ரெசின் பசை காய்ந்து, பிள்ளை பெற்ற அலுப்போடு ஆமாம் என்பார்.

அந்த அச்சுக்கு வேக்ஸ் என்கிற மெழுகைத் தேய்க்கிறவள் தெக்லா. வேக்ஸ் தேய்க்காத அச்சில் ரெசினை ஊற்றினால் என்ன ஆகும் என்பது ஊருக்கே தெரியும்: அச்சு பிள்ளையை விடாது, பிள்ளை அச்சை விடாது, கடைசியில் ரம்பம் எடுத்து இரண்டையும் அறுத்துப் போட வேண்டியதுதான். அப்படி ஆகாமலிருக்கத்தான் தெக்லா அச்சுக்குள் இறங்கி, முட்டி போட்டு, வேக்ஸை வட்டம் வட்டமாகத் தேய்ப்பாள். அது வெள்ளை பூத்து உலரும்வரை கொட்டகை வாசலில் போய்க் காற்று வாங்குவாள். பிறகு பழைய பனியன் துணியால் தன் முகம் தெரிகிறவரை துடைப்பாள். முகம் தெரிந்ததும் மறுபடி தேய்ப்பாள், மறுபடி பூக்க விடுவாள், மறுபடி துடைப்பாள். எல்லாம் முடிந்தபின் பச்சை நிறத்தில் ஒரு பாலைப் பஞ்சால் தொட்டுப் பூசுவாள்; அது காய்ந்தால் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசான தோலாகிவிடும். அந்தத் தோலுக்கு மேல்தான் நிறம் அடிப்பது, மேட் என்கிற கண்ணாடி நார்ப் பாயை விரிப்பது, ரெசின் ஊற்றி உருளையால் உருட்டுவது எல்லாம். அது ஆண்களின் பாடு.

ஆனால் ஓர் இடம் உண்டு. படகின் முதுகெலும்பான ஏரா போய் முடிகிற பின்மூலையில், இடது பெருவிரல் அளவுக்கு ஓர் இடம். அங்கே வேக்ஸ் படக் கூடாது. தேய்க்கிறவள் தன் இடது பெருவிரலை அங்கே ஊன்றிக்கொண்டு, வலது கையால்தான் சுற்றிலும் தேய்க்க வேண்டும். ஏன் என்று கேட்டால், தாய்க்கு ஒரு பிடி வேண்டாமா என்பார் மேஸ்திரி, அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. தாய்ப்பிடி என்று அதற்குப் பேர். மற்ற இடமெல்லாம் விட்டுக்கொடுத்த படகு அந்த ஓரிடத்தில் மட்டும் அச்சைப் பிடித்துக்கொண்டு அடம் செய்யும், மேஸ்திரி மர ஆப்பை வைத்து, சுத்தியலை ஓங்கி, ஊர் கேட்கிற குரலில் "விட்டுட்டு வா" என்று சொல்லி ஓர் அடி அடிப்பார், சரக்கென்று சீலை கிழிகிற சத்தம் கேட்கும், படகு வந்துவிடும். கிழிந்த இடத்தில் படகுக்கு ஒரு சின்ன வடு நிற்கும், அதுதான் படகின் தொப்புள். கடலுக்குப் புறப்படுகிறவன் போறேன் என்று சொல்லாமல் போயிட்டு வாரேன் என்று சொல்கிற ஊர் அது; அங்கே படகைக்கூடப் போ என்று சொல்லி யாரும் பிரிப்பதில்லை, வா என்று சொல்லித்தான் பிரிப்பது.

அந்த மாசிமாதம் அச்சில் இருந்தது சூசையின் படகு. சூசை, தெக்லாவின் புருஷன் கஸ்பாருக்கு அண்ணன். அவன் பெண்டாட்டி ரெஜினா, கூடையில் மீன் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி டவுனில் விற்கிறவள், தெக்லாவுக்கு மதினி, ஊருக்கு வாய். அந்தப் படகுக்காக அச்சில் வேக்ஸ் தேய்க்கும்போது தெக்லாவுக்குத் தள்ளிப்போயிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. முன்பு இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் சொன்ன வாய் மூடுவதற்குள், ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையுறையைக் கழற்றிக்கொண்டே, தங்கலம்மா என்று சொல்லிவிட்டாள். தங்கல. அந்த ஒரு சொல்தான் தெக்லாவை அதற்குப் பிறகு தெருவெல்லாம் பின்தொடர்ந்து வந்தது. இந்தத் தடவை கஸ்பார் தங்குகடலில் இருந்தான், கரைக்கு வராமல் நாள் கணக்காகக் கடலிலேயே கிடந்து பிடிக்கிற தொழில். கடலில் போய் மனுசர் தங்குகிறார்கள், என் வயிற்றில் ஒன்று தங்காதா என்று அவள் அச்சுக்குள் முட்டி போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ரெசின் வாடை ஆகாது என்று மேஸ்திரியிடம் ஏதோ சாக்குச் சொல்லி, வேக்ஸ் வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவிடுவாள். வயிற்றில் இருந்ததை அவள் பிள்ளை என்றுகூடச் சொல்வதில்லை. 'அது' என்பாள், அதுவும் மனசுக்குள்.

கடைசிப் பூச்சு முடிந்து, பெருவிரலை எடுக்கப்போகிற நேரம் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது, இன்னும் அடிக்காத அடியின் சத்தம், சரக்கென்று. வயிறு தானாகச் சுருங்கிற்று. படகு பிரிக்கிற அன்று எங்கே போய் ஒளிந்தாலும் அந்தச் சத்தம் வரும், சங்குமுனையில் அது எட்டாத மூலை கிடையாது, அந்தச் சத்தத்தில் வயிற்றுக்குள் இருப்பது தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு விட்டுட்டு வந்துவிட்டால் என்ன செய்வது. தெக்லா விரலை எடுத்தாள். துணியில் மிச்சமிருந்த வேக்ஸை அந்த இடத்திலும் ஒரு வட்டம் தேய்த்தாள், துடைத்தாள், அங்கேயும் தன் முகம் தெரிந்தது. பச்சைப் பாலையும் பூசினாள். பயந்தவள் செய்த காரியம், வேறொன்றுமில்லை.

பிரிக்கிற அன்று மேஸ்திரி சுத்தியலை எடுக்கக் குனிந்தார். நிமிர்வதற்குள் படகு உள்ளிருந்து ஒரு மூச்சு விட்டது. அச்சின் விளிம்பைத் தாண்டி எழும்பியது. கொட்டகை வாசல் வழியே இறங்கி, மணலில் ஒரு கோடுகூட விழாமல் போய், அலை நுனியில் நின்றது. வழியில் படுத்திருந்த நாய் எழுந்து இடம் விட்டது. சொல்லவேயில்லையே, அதுக்குள்ள வந்துட்டே என்றார் மேஸ்திரி. சுகப்பிரசவம் என்று சொல்லி எல்லோரும் சிரித்தார்கள், ரெஜினா படகைச் சுற்றிச் சுற்றி வந்து தொப்புளைத் தேடினாள், இல்லை, வடு இல்லாத பிள்ளை என்று சூசையின் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். அந்தத் தட்டு அவன் முதுகில் நிற்காமல் வழுக்கிக் கீழே போயிற்று.

அன்று மத்தியானம் ரெஜினா அறுத்த மீனின் செதில் கத்தியில் ஒட்டவில்லை. சாயங்காலம் ஊரில் யார் வீட்டுச் சட்டியிலும் சோறு ஒட்டவில்லை. மறுநாள் சாம்பல் புதன். பங்குச் சாமியார் ஒவ்வொரு நெற்றியிலும் சாம்பலைத் தொட்டுச் சிலுவை போட, அது போட்ட மாதிரியே சிலுவை உருவத்தோடு கழன்று, காற்றில் இறங்கி, பீடத்தின் முன்னால் தரையில் குவிந்தது. சாமியார் ஒரு கணம் பார்த்தார், பிறகு அடுத்த நெற்றிக்குப் போனார். சூசைக்கு அடுத்த வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது தண்ணீர் உச்சந்தலையில் முத்து முத்தாக உருண்டு ஓடி, ஒரு மயிரையும் நனைக்காமல் தொட்டிக்கே திரும்பிப் போயிற்று, அப்படியானால் அது செல்லுமா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார்கள், தண்ணீர் போனால் போகட்டும், சொன்ன பேர் நின்றால் போதும் என்று பதில் வந்தது.

சங்குமுனை இதற்கெல்லாம் அலறவில்லை, எதற்குமே அலறுகிற ஊர் இல்லை அது. முடிச்சு எதுவும் நிற்காததால் ஆண்கள் இடுப்பில் சாரம் கட்டுவதை விட்டுப் பொத்தான் வைத்த கால்சட்டைக்கு மாறினார்கள், பெண்கள் தலைவழியே மாட்டுகிற அங்கிக்கு மாறினார்கள். நங்கூரம் மணலைப் பிடிக்காததால் கரையில் குழி தோண்டி, படகுகளைக் கோழியை அடைகாக்க வைப்பதுபோலக் குழிக்குள் உட்கார வைத்தார்கள். சிமெண்ட் தரையில் நடக்க முடியவில்லை என்று வீட்டுக்குள்ளும் மணல் கொட்டிக்கொண்டார்கள். வலையில் மீன் முன்னைப்போலவே விழுந்தது, வலை ஒட்டிப் பிடிப்பதில்லை, கண்ணியில் மாட்டித்தானே பிடிக்கிறது. ரேஷன் கடையில் கைரேகை எந்திரம் ஊரில் ஒருவர் விரலையும் அறியவில்லை. கடைக்காரர் முதலில் கத்தினார், பிறகு முகத்தைப் பார்த்து அரிசி போடத் தொடங்கினார், அதுவே அவருக்குப் பிடித்துப்போயிற்று. தேர்தல் சுவரொட்டி சுவரில் நிற்கவில்லை. சண்டையும் ஒட்டவில்லை, காலையில் அடித்துக்கொண்ட மாமியாரும் மருமகளும் எதற்கு அடித்துக்கொண்டோம் என்பது நழுவிப்போய் மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து கருவாடு சுட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, மீன்வாடை ஒட்டவில்லை. ரெஜினா நாள் பூராவும் அயிலையும் சாளையும் அறுத்துவிட்டு எழுந்தால், கையை முகர்ந்து பார்த்தால், ஒன்றுமில்லை. பஸ்ஸில் அவள் பக்கத்தில் ஆட்கள் உட்கார்ந்தார்கள். டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகளின் அருகில் மற்றப் பிள்ளைகள் பெஞ்சை நகர்த்தாமல் இருந்தார்கள். அது தெரிந்த அன்றே ஊர் முடிவுக்கு வந்துவிட்டது, வந்தது வந்ததாக இருக்கட்டும் என்று. அச்சில் மேட் விரித்தால் அது சுருண்டு நடுவில் குவிந்துவிடுகிறது, ரெசின் தயிர்போல நழுவிவிடுகிறது, இனி அந்த அச்சில் படகு பிறக்காது என்று மேஸ்திரி சொன்னபோது, மலடானால் என்ன, பெற்றது போதும் என்றார்கள்.

தெக்லா மட்டும் பயந்தாள். அவளுக்கு முதலில் தெரிந்தது முருங்கையில்தான். பூ பூத்ததும் காம்பு விட்டுவிடுகிறது, பிஞ்சு நிற்பதில்லை, மரத்தடி வெள்ளையாகக் கிடந்தது. அடுத்தாற்போல் கோயில் தென்னையில் குரும்பை அத்தனையும் ஒரே நாளில் உதிர்ந்தது, பொத்துப் பொத்தென்று, மரம் எதையோ கைவிட்டுக்கொண்டே இருப்பதுபோல. பிறகு மூன்றாம் தெருவில் சவேரியம்மாளின் சினை ஆடு, நாள் வருமுன்னமே, நின்றபடியே ஈன்றது. குட்டியைப் பார்க்க தெக்லா போகவில்லை, வேலியோரம் நின்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். அந்தச் சவேரியம்மாள் கடலில் மகனைக் கொடுத்தவள், நாளும் பொழுது சாய்கிற நேரம் ஒப்பாரி வைக்கிறவள். இப்போது ஒப்பாரி நின்றுவிட்டது. தெக்லாவைப் பார்த்து, ஒரு பையன் இருந்தானே எனக்கு, மூக்கு எப்படி இருக்கும், உனக்கு ஞாபகம் இருக்கா என்று சாதாரணமாகக் கேட்டாள்.

அவள் குனிவதை விட்டாள். தும்மல் வந்தால் வாயைப் பொத்தினாள். வயிற்றைச் சுற்றிச் சீலைத் துணியை இறுக்கிக் கட்டினாள், முடிச்சு அவிழ்ந்து காலடியில் விழுந்தது. வீட்டுக்குள் மணலில் தொட்டில்போல ஒரு பள்ளம் தோண்டி, அதில் கால்களை உயர வைத்து, தலையைத் தாழ்த்திப் படுத்துக் கிடந்தாள், வயிற்றுக்குள் இருப்பது உருண்டாலும் நெஞ்சுப் பக்கம்தானே உருளும் என்று. அப்படிப் படுத்துக் கிடந்தபோதுதான் கவனித்தாள்: ஊரில் எல்லார் வேர்வையும் உருண்டு ஓடிவிடுகிறது, தன் வேர்வை மட்டும் நெற்றியில் பிசுபிசுவென்று நிற்கிறது. சங்குமுனையில் ஒட்டியிருந்த ஒரே பொருள் அவளுடைய பயம்.

ஊரைவிட்டே போய்விடலாம் என்று ஒரு நாள் பஸ் ஏறினாள், அம்மா வீட்டுக்கு. ஊர் எல்லை தாண்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தாள், மற்றவர்களுக்கு அப்படித்தான், எல்லை தாண்டினதும் கால் தரையைப் பிடிக்கும், முடிச்சு நிற்கும், விட்டுப்போன வாடை மட்டும்தான் திரும்பி வராது. தெக்லாவுக்கு அப்படி இல்லை. உப்பளம் தாண்டியும், ரயில்வே கேட் தாண்டியும், பஸ் கம்பி அவள் கையில் எண்ணெய்போல் நழுவியது, ஒவ்வொரு குலுக்கலுக்கும் அடிவயிற்றில் ஏதோ ஓர் இழை விடுவதுபோல் இருந்தது. தேய்த்தது அவள் கை அல்லவா, அது அவளோடுதான் வரும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மெல்ல மெல்ல, மணல் ஓரமாகவே நடந்து திரும்பினாள்.

கஸ்பார் தங்குகடல் முடிந்து வந்தது அதற்குப் பிறகுதான். கரையில் கால் வைத்ததும் வழுக்கி விழுந்தான், எழுந்தான், நிலவரம் கேட்டுக்கொண்டான், ஒரு கால்சட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அவள் கையைப் பிடித்தான், நழுவிற்று. தோளைப் பிடித்தான், நழுவிற்று. "கட்டின பெண்டாட்டி விலாங்கு மாதிரி நழுவுதாளே, இதுக்கா கடல்ல கெடந்து காஞ்சிட்டு வாரேன்" என்று சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். தெக்லா சொன்னாள். தள்ளிப்போனதைச் சொன்னாள், சத்தத்துக்குப் பயந்ததைச் சொன்னாள், தாய்ப்பிடியில் வேக்ஸ் தேய்த்ததைச் சொன்னாள், முருங்கையையும் ஆட்டையும் சொன்னாள். கேட்கக் கேட்க அவன் முகத்திலிருந்து கடல் வெயில் இறங்கிப்போயிற்று. அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

பிடித்த கை நழுவவில்லை.

இருவரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். கஸ்பாரின் உள்ளங்கை நனைந்திருந்தது, பிசுபிசுத்தது, ஆனால் பிடித்திருந்தது. அவன் கொஞ்சம் ஆறுதலாக மூச்சு விட்டதும் பிடி தளர்ந்தது. மறுபடி வயிற்றைப் பார்த்தான், மறுபடி இறுகிற்று. பயந்த கைதான் பிடிக்கிறது என்று தெக்லாவுக்கு அப்போது புரிந்துவிட்டது, என்ன செய்ய வேண்டும் என்றும். புரிந்ததுமே அதைச் செய்யாமல் இருக்க ஏதாவது வழி உண்டா என்றும் தேடினாள், கிடைக்கவில்லை.

மறுநாள் பகல் வெளிச்சத்தில் அவள் கஸ்பாரோடு கொட்டகைக்குப் போய், அச்சுக்குள் இறங்கி, பின்மூலையில் முட்டி போட்டாள். உப்புத்தாள் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள், தாளில் இருந்த மணல்தான் வழுக்கி விழுந்தது. தாளைப் போட்டுவிட்டு, இடது பெருவிரலை அந்த இடத்தில் ஊன்றினாள். சும்மா ஊன்றினால் நிற்காது என்று தெரியும். அதனால் அவள் தான் இத்தனை நாள் நினைக்காமல் தள்ளி வைத்திருந்ததையெல்லாம் நினைத்தாள்: கையுறை கழற்றுகிற நர்ஸை நினைத்தாள், நர்ஸ் தட்டில் வைத்து மூடினதை நினைத்தாள், முதல் தடவை வாங்கி வைத்து இன்னும் பெட்டியடியில் கிடக்கிற வெள்ளைத் தொப்பியை நினைத்தாள், தங்கல தங்கல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்; பயம் தோளில் இறங்கி, முழங்கையில் இறங்கி, விரல் நுனியில் வேர்வையாகப் பூத்தது; அச்சின் பளபளப்பில் தெரிந்த அவள் முகம் அந்தப் பெருவிரல் அளவு இடத்தில் மட்டும் மங்கத் தொடங்கிற்று.

மேஸ்திரியை உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு மேட் வெட்டச் சொன்னாள், விரலோடு சேர்த்துப் போர்த்தச் சொன்னாள், அன்று விட்டுப்போன பிடியும் அடியும் இதற்காவது கிடைக்கட்டும் என்றாள். மேஸ்திரி அவளைப் பார்த்தார், அச்சைப் பார்த்தார், விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். "சுடும் பிள்ள" என்று மட்டும் சொன்னார்.

தாய்ப்பிடியைத் திரும்ப வைக்கப்போகிறாளாம் என்று அதற்குள் ஊர் வந்துவிட்டது. கொட்டகை வாசல் அடைத்து நின்றார்கள், முன்னால் ரெஜினா, முழங்கையில் மாட்டின காலிக் கூடை, டவுனுக்குப் போகிற நல்ல அங்கி. "ஏட்டி தெக்லா, உனக்கு என்னட்டி குறை வந்துச்சு?" என்றாள். "இத்தன வருசம் பஸ்ஸுல என் பக்கத்துல ஒருத்தி உக்காந்ததில்ல. கண்டக்டர் சில்லறையக்கூட எட்ட நின்னுல்லா போடுவான். நேத்து ஒரு டீச்சரம்மா வந்து ஒட்டி உக்காந்து, தூங்கி, என் தோள்ல சாஞ்சாவ. அசையாம இருந்தேன், தோள் மரத்துப்போச்சு. அதையும் பிடுங்கப் பாக்கியே."

தெக்லா விரலை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பினாள். கஸ்பார் அவள் முதுகுக்குப் பின்னால் முட்டி போட்டு, இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மதினி, எனக்குத் தள்ளிப்போயிருக்கு" என்றாள்.

வாசலில் யாரோ யாரையோ பேசாமல் இருக்கச் சொன்னார்கள். ரெஜினா கூடையைக் கீழே வைத்தாள். உதிர்ந்த குரும்பை அவளும் பார்த்தவள்தான், ஆட்டுக்குட்டியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தவளே அவள்தான்; இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவளும் அவள்தான்.

"எங்கிட்டகூடச் சொல்லலையேட்டி" என்றாள், மெதுவாக.

மேஸ்திரி ரெசினை இறுக்குகிற ஹார்ட்னரைக் கலந்தார். ஈர மேட்டை விரலின்மேல் போர்த்தினார். மேட் நழுவிற்று, விரலுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றது, ஓரம் ஓரமாகப் படிந்தது. தெக்லா ஈரத்துணியால் மூக்கைக் கட்டி, முகத்தைக் கடற்காற்றுக்குத் திருப்பிக்கொண்டாள். ரெசின் இறுகத் தொடங்கியதும் சூடு ஏறியது, அடுப்புக் கல்லைத் தொட்டதுபோல் ஏறியது, அதற்கும் மேலே ஏறியது. கஸ்பார் காதோரம் என்னென்னவோ சொன்னான், பொறு பொறு என்றான், மாதாவே மாதாவே என்றான். அவள் விரலை எடுக்கவில்லை, எடுக்க நினைத்தாலும் இனி வராது, விரலும் மேட்டும் அச்சும் ஒன்றாகிவிட்டன. கல்போல் இறுகிப்போனதைத் தட்டிப் பார்த்துவிட்டு மேஸ்திரி ஆப்பை வைத்தார், சுத்தியலை எடுத்தார். ஓங்கினதும் சுத்தியல் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி நழுவியது. இளவட்டம் ஒருவன் எடுத்துப் பார்த்தான், அவன் கையிலும் நிற்கவில்லை. கஸ்பாரால் தெக்லாவை விட முடியாது.

ரெஜினா அச்சுக்குள் இறங்கினாள். நல்ல அங்கியோடு முட்டி போட்டாள். தெக்லாவின் வயிற்றை ஒரு தடவை பார்த்தாள், பார்த்த கண்ணோடு சுத்தியலைக் கையில் எடுத்தாள், அவள் கை வேர்த்திருந்தது, சுத்தியல் நின்றது.

"மதினி, சத்தம் கேக்கும்" என்றாள் தெக்லா. அவளுக்குப் பல் கிட்டியது.

"கேக்கட்டும். அது உன் பிள்ளையக் கூப்புடுத சத்தம் இல்லட்டி. அதுக்கு இன்னும் நாள் கெடக்கு, நான் வந்து கூப்புடுவேன்" என்றாள் ரெஜினா. பிறகு, மீன் கூவி விற்கிற அந்தக் குரலில், ஊரும் கடலும் கேட்க, "விட்டுட்டு வா" என்று சொல்லி அடித்தாள்.

சரக்கென்றது.

சத்தம் கொட்டகைத் தகரத்தில் மோதி, கோயில் சுவரில் மோதி, கடல்மேல் போயிற்று. மேட் துண்டு அச்சை விட்டு வந்தது, தெக்லாவின் பெருவிரல் தோலையும் ரேகையோடு தன்னில் வைத்துக்கொண்டு வந்தது. தெக்லா விரலைப் பார்க்கவில்லை, வலது கையை வயிற்றில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள், எல்லோரும் காத்திருந்தார்கள், ரெஜினா சுத்தியலைக் கீழே வைக்கவும் மறந்து காத்திருந்தாள். ஒன்றும் விடவில்லை. ஒன்றும் வழியவில்லை. முதலில் அவள் நெற்றி மயிர் ஒன்று கன்னத்தில் ஒட்டிற்று. பிறகு வாசலில் நின்றவர்களின் பாதத்தில் மணல் ஒட்டியது. பிறகு ஒரு காற்று வந்தது, அந்தக் காற்றில் இத்தனை நாள் ஊரை விட்டுப் போயிருந்த அத்தனை நாளின் மீன்வாடையும் ஒன்றாகச் சேர்ந்து திரும்பி வந்து, ஒவ்வோர் ஆளின் கையிலும் கழுத்திலும் தலைமயிரிலும் அவரவர் இடம் பார்த்து ஏறிக்கொண்டது. மூன்றாம் தெருவில் சவேரியம்மாள் ஒப்பாரியை விட்ட இடத்திலிருந்து எடுத்தாள், என் கிளிமூக்கு ராசாவே என்று.

ஊர் கலைந்து போயிற்று. ஒரு வாரம் தெக்லாவிடம் பலரும் பேசவில்லை. சண்டைகள் மறுபடி நின்று பிடித்தன, சுவரொட்டிகள் நின்று பிடித்தன, டவுன் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகள் நகர்ந்தன. அந்த டீச்சரம்மா பஸ்ஸில் ஏறி, ரெஜினாவைப் பார்த்துச் சிரித்து, பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரத்தில் கைக்குட்டையை எடுத்து, எழுந்து போய் நின்றுகொண்டாளாம். வீட்டுக்கு வந்த ரெஜினா அதைச் சொல்லிவிட்டு, "போறா. ரெண்டு சீட்டும் எனக்கே, காலை நீட்டிட்டு வந்தேன்" என்று சிரித்தாள், சிரித்து முடித்தபின்னும் வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு தெக்லாவுக்குப் புளி போட்டுச் சாளைக் குழம்பு வைத்துக் கொடுத்தாள்.

முருங்கையில் பிஞ்சு நின்றது. வயிற்றில் அது நின்றது. நின்றதென்றால் அப்படியொரு நிற்பு. நாள் வந்தது, நாள் தாண்டியது, ஆஸ்பத்திரியில் தெக்லா வலியோடு கிடக்க, அது வரமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தது. அதே நர்ஸ் வெளியே வந்து, பிடிச்சிக்கிட்டு விடமாட்டேங்குதும்மா, ஆபரேஷனுக்குச் சொல்லணும் என்றாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த ரெஜினா எழுந்தாள். யாரும் உள்ளே வரக்கூடாது என்று சொன்னவர்கள் அவள்மேல் வீசிய வாடைக்கு ஓர் எட்டு விலகினார்கள், விலகிய அந்த இடைவெளியில் அவள் உள்ளே போய்விட்டாள். தெக்லாவின் வயிற்றருகே குனிந்து, இந்தத் தடவை கூவாமல், காதில் ரகசியம் சொல்வதுபோல, "விட்டுட்டு வா, என் ராசாத்தி" என்றாள்.

வந்தது. பெண். இடது கை மூடியிருந்தது, ஒரு விரலைப் பற்றியிருப்பதுபோல.

தெக்லாவுக்குப் பயம் விட்டதா என்று கேட்டால், இல்லை. இன்றைக்கும் பிள்ளை தூங்கினால் மூக்கருகே கை வைத்துப் பார்க்கிறாள். மறுபடி அச்சுக்குள் இறங்கி வேக்ஸ் தேய்க்கிறாள், பெருவிரலை ஊன்றித்தான். ரேஷன் கடை எந்திரம் மட்டும் அவளுடைய அந்த விரலை அறிவதேயில்லை, வழுவழுவென்று இருக்கிறதே, வேறே விரலை வையும்மா என்கிறார்கள். அந்த ரேகையை யாரும் பார்க்க வேண்டுமென்றால் கடலில்தான் போய்ப் பார்க்க வேண்டும். அன்று பிரித்த துண்டை மேஸ்திரி சூசையின் படகில், தொப்புள் இல்லாத அந்தப் பின்மூலையில் வைத்து ஒட்டிவிட்டார். தண்ணீருக்கு அடியில் அது காலையில் போகிறது, வந்துவிடுகிறது, போகிறது, வந்துவிடுகிறது.